ஒன்பதாம் வழியின் பச்சைக் கோடு

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் இன்னும் அசிங்கம். காரைக்குடிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். எட்டு வயதில் வாடகைச் சைக்கிளில் ஏறி, போன வேகத்தில் கருவேல முள்ளில் போய் விழுந்தேன். முதுகில் முள் எடுத்த அன்றோடு அந்தச் சமாச்சாரத்தையே தலைமுழுகிவிட்டேன். இப்பேர்ப்பட்ட நான்தான், ஜெர்மனியில் ஒரு சின்னக் கிராமத்தைச் சுற்றிச் சைக்கிள்காரர்கள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த மேட்டில் கியரை மாற்ற வேண்டும், எங்கே நின்று தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பதினான்கு வழிகள் எழுதிக் கொடுத்தேன். சைகோனில் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்துகொண்டு. அந்தக் கிராமத்தை இன்றுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் வேலை என்றுதான் இந்த ஊருக்கு வந்தேன். அந்த ஆபீஸை மூடினார்கள். விசா முடிய இரண்டு மாதம் இருந்தபோது, அதே பகுதியில் ஒரு சந்துக்குள், இரண்டாம் மாடியில் இருந்த பயண ஆபீஸ் ஒன்றில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நடத்துகிறவர் ஒரு வியட்நாமியப் பெண்மணி. எல்லோரும் அவரைச் 'சி' என்போம், அக்கா என்று அர்த்தம். ஐரோப்பாவில் உள்ள சின்னச் சின்ன விடுதிகளுக்குச் சைக்கிள் வழிகள் போட்டுக்கொடுப்பது எங்கள் வேலை. விடுதியில் வந்து தங்குகிறவர், ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு, அது காட்டுகிற கோட்டின் மேலேயே போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடலாம். அந்தக் கோட்டை வரைகிறவர்கள் நாங்கள். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், நாங்கள் யாரோ ஒரு ஊரின் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் கோடு இழுத்துக்கொண்டிருப்போம்.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திரையில் வரைபடத்தைத் திறந்து, ஒரு புள்ளி, அடுத்த புள்ளி என்று வைத்துக்கொண்டே போனால் கோடு தானாகவே சாலையில் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து எடுத்த சாட்டிலைட் படம் இருக்கும். அதற்கு முன்னால் அந்தப் பக்கம் சைக்கிளில் போனவர்களின் தடங்களும் சிவப்பாகத் தெரியும். நிறையப் பேர் போயிருந்தால் அடர்த்தியாக, ஒருவர் இருவர் போயிருந்தால் மெலிசாக. இதையெல்லாம் பார்த்து வழியை முடிவு செய்து, கூடவே இரண்டு பக்கம் எழுத வேண்டும். 'மாதா கோவிலைத் தாண்டியதும் இடப்பக்கம், இங்கே காற்று எதிரே வரும்' என்கிற மாதிரி. எதிர்க்காற்று எனக்கெப்படித் தெரியும்? எழுதுவேன். நன்றாகத்தான் எழுதுவேன்.

கடைசியில் ஒரு படிவம். அதில் அடிப்பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும்: 'ஓட்டிப் பார்க்கப்பட்டது.' அதில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தால்தான் வழி விடுதிக்குப் போகும். நாங்கள் ஆறு பேர், எல்லோரும் டிக் போட்டோம். நான் சேர்ந்த முதல் நாள் கை தயங்கியது. பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே திரையில் இருந்த சிவப்புத் தடத்தைக் காட்டினார். யாரோ ஒருவர் ஓட்டியிருக்கிறார் அல்லவா, அப்படியானால் ஓட்டிப் பார்க்கப்பட்டதுதானே, நீ ஓட்டினாய் என்று எங்கே எழுதியிருக்கிறது என்றார். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. இரண்டாம் வாரத்திலிருந்து டிக் போட்டுவிட்டுத்தான் வழியையே வரைய ஆரம்பித்தேன்.

அந்தக் கிராமத்து அம்மையார் எங்களுக்கு எழுதியது ஒரு மார்ச் மாதம். பன்னிரண்டு அறை விடுதி. கணவர் அதற்கு முந்தின வருடம் இறந்துவிட்டார். சமையல் அவர்தான். விடியலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பாராம். விருந்தாளிகள் கேட்டால் அவரே கூட்டிக்கொண்டும் போவாராம். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, சைக்கிள் ஏறிப் பத்து வருடம் ஆகிறது. கணவர் போன வழிகளை எல்லாம் முறையாகப் போட்டு, அவர் பேரிலேயே வைக்க வேண்டும், வாசலில் அவர் போட்டோவோடு ஒரு பலகையும் வைக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தார். அவர் போகாத பாதை எதையும் வரைந்து வைக்க மாட்டார், எனவே நீங்கள் தைரியமாக அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்.

கணவரின் வரைபடத்தை முதலில் போனில் படம் எடுத்து அனுப்பினார். மடிப்பு மடிப்பாக வெளுத்துப்போய் ஒன்றும் விளங்கவில்லை. அசலையே ஒரு நீளக் குழாயில் போட்டு அனுப்பிவிட்டார். மேசையில் விரித்தேன். பதினான்கு வழி, கலர் பென்சிலில். சிவப்பு, நீலம், ஊதா, பச்சை. கோடு நடுங்காமல், சாலையின் ஓரத்தை ஒட்டி, அவ்வளவு பொறுமையாகப் போட்டிருந்தார். அங்கங்கே பென்சிலில் சின்ன எழுத்தில் ஜெர்மன் மொழியில் ஏதேதோ குறிப்பு. எனக்கு ஜெர்மன் தெரியாது. பார்த்தேன், விட்டுவிட்டேன்.

பிரச்சினை பச்சைக் கோட்டில், ஒன்பதாம் வழியில். ஒரு குன்றின் உச்சிக்கு வந்ததும், எதிரே ஆற்றங்கரைக்கு நேராக இறங்குகிற சாலை இருக்கிறது. காட்டுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் கூட வராது. அந்த மனிதர் அதில் இறங்காமல், இடப்பக்கம் திரும்பி, திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு, ஆறு கிலோமீட்டர் வளைந்து வந்து அதே ஆற்றங்கரையைத் தொடுகிறார். எங்கள் ஆபீஸில் இந்த மாதிரிச் சுற்று வழியைப் பார்த்தால் கை பரபரக்கும். பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் சுற்றக்கூடாது என்பது எங்கள் விதி. கோட்டை நேர்ப்படுத்துவது என்போம். நேர்ப்படுத்துவதில் நான் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தேன், அந்தத் திமிர் வேறு.

அன்றைக்கு வேலையை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள். அவள் நன்றாகச் சைக்கிள் ஓட்டுவாள். சைகோன் வந்த மூன்றாம் மாதமே கூடை வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கி, இந்த மோட்டார் சைக்கிள் வெள்ளத்துக்குள் பயமில்லாமல் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவள். நான் அழித்துக்கொண்டிருந்த பச்சைக் கோட்டையும் புதிதாகப் போட்ட நேர்க்கோட்டையும் பார்த்துவிட்டு, ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"காரணம் இல்லாமலா அவுக அம்புட்டுத் தூரம் சுத்திப் போயிருப்பாக? ரோடே தெரியல, மரம் மூடிக்கெடக்கு. எறக்கம் வேற. எல விழுந்து நனைஞ்சு கெடந்தா பிரேக் நிக்காதுங்க."

எனக்குச் சுரீர் என்றது. சைக்கிள் ஓட்டத் தெரியாதவனுக்குச் சைக்கிளைப் பற்றிப் பெண்டாட்டி சொல்வதாவது. கீரை வாங்கப் போகிறவள் எனக்குப் பாடம் எடுக்காதே, இது ஜெர்மனி, அங்கே சாலையெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கும் என்று எரிந்து விழுந்தேன். அந்தச் சாலையில் இரண்டே இரண்டு சிவப்புத் தடம் இருந்தது. பார்த்தாயா, போயிருக்கிறார்கள் என்று காட்டினேன். அவள் மறுபடி காய் நறுக்கப் போனாள். தெருவில் நின்று பார்ப்பதுபோல் இணையத்தில் காட்டுகிற படமும் அந்த ஊருக்குக் கிடையாது, அதைப் பற்றியும் நான் கவலைப்படவில்லை.

அந்தத் தடங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஆள் அந்தச் சாலையில் போனார் என்பதை அது காட்டும். எந்தப் பக்கமாகப் போனார் என்பதைக் காட்டாது. தடத்தைத் தனியாகத் திறந்து நேரத்தைப் பார்த்தால்தான் தெரியும். நான் திறந்து பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. இரண்டு பேருமே ஆற்றங்கரையிலிருந்து குன்றின் மேல் ஏறியவர்கள். ஒருவர்கூட அதில் இறங்கவில்லை.

வழிகள் ஜூன் மாதம் போயின. அம்மையார் பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கணவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார், கீழே பதினான்கு வழி. கோடையில் விடுதி நிறைந்திருப்பதாக எழுதினார். சி அதை ஆபீஸில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, எனக்கு ஐஸ் போட்ட பால் காபி வாங்கித் தந்தார். நானும் குடித்தேன், வெட்கமில்லாமல்.

அக்டோபரில் ஒரு பெண்மணி ஒன்பதாம் வழியில் விழுந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. இருபது வருடமாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்த விடுதிக்கு வருகிறவர், அம்மையாருக்கு வெறும் விருந்தாளி இல்லை, தோழி. முந்தின நாள் மழை. காட்டுக்குள், இறக்கத்தின் இரண்டாவது திருப்பத்தில் சக்கரம் வழுக்கி, இடுப்பெலும்பும் மணிக்கட்டும் உடைந்துவிட்டன. யாரோ நாயோடு நடந்து வந்தவர் பார்த்துத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனிமேல் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பது சந்தேகம் என்றார்களாம்.

அம்மையாரின் கடிதம் திங்கட்கிழமை காலை வந்தது. குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. கிராமத்தில் எல்லோரும் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அந்த இறக்கத்தில் உள்ளூர்க்காரன் எவனும் மழைக்குப் பிறகு சைக்கிளைக் கொண்டுபோக மாட்டான், உன் கணவன் அதில் போய் ஆட்களை அனுப்பியிருக்கிறானே என்கிறார்கள். கடைசி இரண்டு வருடம் மாத்திரைகளோடு இருந்தார், புத்தி தடுமாறிப் போட்டுவிட்டாரோ என்கிறார்கள். 'வரைபடம் உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். அவர் கோடு அந்தக் காட்டுக்குள் இறங்குகிறதா?' இவ்வளவுதான் கேள்வி.

சி-யிடம் காட்டினேன். தப்பு நம்முடையது என்று ஒரு எழுத்து எழுதிவிடாதே, வாடிக்கையாளர் கொடுத்த வழியைத்தான் போட்டோம் என்று மட்டும் எழுது, அதற்கு மேல் பேச்சு வேண்டாம் என்றார். சி மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று பல நாள் பார்த்திருக்கிறேன். முடியாது. அந்த வரைபடத்தை அவர் பார்த்ததே இல்லை. நான் சொன்னதை நம்பித்தான் அப்படிச் சொன்னார். டிக்குக்குப் பக்கத்தில் இருந்தது என் கையெழுத்து. வேலை போனால் விசா போகும், விசா போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், ஊரில் போய் என்ன சொல்வது, இதுதான் என் மண்டைக்குள் ஓடியது. இடுப்பு உடைந்த ஆசிரியை நினைவுக்கு வந்தாரா என்று கேட்டால், வரவில்லை. எழுதினேன்: 'ஆமாம். கோடு அந்த வழியாகத்தான் இறங்குகிறது.'

அனுப்பிவிட்டுக் கீழே போய் மீன் சோறு சாப்பிட்டேன். இறங்கியது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, எப்படி இறங்கியது என்று.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து பதில். நன்றி சொல்லியிருந்தார். வரைபடத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா, நான் என் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தொலைந்துவிட்டது என்று சொல்லலாம் என்று யோசித்தேன். கூரியரில் மழையில் நனைந்தது என்று சொல்லலாம். அப்புறம் அதையெல்லாம்விடக் கேவலமான ஒன்று தோன்றியது, அதைச் செய்தேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். பென் தான் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் உள்ள மாரியம்மன் கோவிலுக்கு என் மனைவி போயிருந்தாள். அங்கே வியட்நாம்காரர்கள் கர்ப்பக்கிரகத்துச் சுவரில் நெற்றியை வைத்து அம்மனிடம் காதோடு காதாகப் பேசுவார்கள், அவளும் அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக நானும் போவேன். அன்றைக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். முந்தின நாளே எழுதுபொருள் கடையில் நல்ல ரப்பர் ஒன்றும் பச்சைப் பென்சில்கள் மூன்று தினுசும் வாங்கி வைத்திருந்தேன். வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளரை வைத்தேன். பழைய செய்தித்தாளில் முதலில் கோடு போட்டுப் பழகினேன். அந்த மனிதர் பென்சிலைச் சாய்த்துப் பிடிப்பவர், கோட்டின் ஒரு ஓரம் மட்டும் அடர்த்தியாக இருக்கும். அரைமணி நேரத்தில் எனக்கு அந்தக் கை வந்துவிட்டது.

பிறகு அவருடைய ஆறு கிலோமீட்டரை அழித்தேன். மெதுவாக, தாள் பிய்ந்துவிடாமல். பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் நின்றது, அதை நகத்தின் பின்பக்கத்தால் தேய்த்துச் சமப்படுத்தினேன். காட்டு இறக்கத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மாதக்கணக்காக என் மேசையில் கிடந்த குறிப்பு. அப்போதுதான், அழிக்கும் முன் என்னவென்று பார்ப்போமே என்று போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். 'இறங்கக் கூடாது. இலை. எப்போதும் ஈரம்.'

நிறுத்தியிருக்கலாம். அந்த இடத்தில் எந்த மனிதனும் நிறுத்தியிருப்பான். நான் ரப்பரை எடுத்து அதையும் அழித்தேன். பிறகு காட்டுக்குள் பச்சைக் கோட்டை இறக்கினேன், ஒரே இழுப்பில், கை நடுங்காமல். வேலை அவ்வளவு சுத்தமாக வந்ததைப் பார்த்து எனக்கு ஒரு கணம் திருப்திகூட வந்தது. எழுதவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, ஆனால் வந்தது. மனைவி குங்குமத்தோடு திரும்பி வந்தபோது மேசையைத் துடைத்து வைத்திருந்தேன். தலைவலி போச்சா என்று கேட்டு என் நெற்றியில் வைத்துவிட்டாள்.

நவம்பரில் வரைபடம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். 'பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். முப்பத்தெட்டு வருடம் ஒரு மனிதரோடு வாழ்ந்தேன், அவர் அஜாக்கிரதையானவர் என்று தெரிந்துகொள்ள அவர் சாக வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, கஷ்டமாக இருந்திருக்கும் உங்களுக்கு.' பலகையை எடுத்துவிட்டேன் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

அதற்குப் பிறகு என்னால் ஒழுங்காக எதையும் செய்ய முடியவில்லை. மனைவியிடம் சிடுசிடு என்று விழுந்தேன். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனால் வெளியிலேயே நின்றுகொள்வேன். ஆபீஸில் எந்த வழியைத் திறந்தாலும் இறக்கம்தான் கண்ணில் படும். நேர்ப்படுத்துவதை விட்டேன். யார் என்ன கோணல்மாணலாகக் கேட்டாலும் அப்படியே போட்டுக் கொடுத்தேன். நான் நிதானமானவனாகிவிட்டேன் என்று சி பாராட்டினார். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் அம்மையார் மறுபடி எழுதினார். விடுதியை விடுவதாக இல்லை, பழைய வழிகளை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகப் பதினான்கு வழி வேண்டும் என்றார். கணவர் கோடு ஒன்றுகூட வேண்டாம், நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள், உங்கள் நேர்மை மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றார். வாசலில் பலகை இருந்த இடம் காலியாகக் கிடக்கிறதாம். அங்கே இந்த வழிகளைப் போட்டவர் என்று என் படத்தை வைக்கப்போகிறாராம். 'உங்கள் சைக்கிளோடு ஒரு நல்ல படம் அனுப்புங்கள்.'

என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? படம் எடுக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், வீட்டுச் சந்தில் மனைவியின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னாலிருந்த கூடையைக் கழற்றச் சொன்னேன். எதற்கு என்றாள். ஆபீஸ் வேலை என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனை உயர்த்தி, கொஞ்சம் இந்தப் பக்கம், ஹேண்டிலை அப்படிப் பிடிக்க மாட்டாக, பிரேக்குல விரல் இருக்கணும் என்றாள். நான் பிரேக்கில் விரலை வைத்தேன்.

அதற்கு மேல் முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கிறார்கள், நான் ஓட்டத் தெரியாத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடுச்சந்தில் அழுகிறேன். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டை மாற்றியது, பொய் எழுதியது, ரப்பர், பென்சில், அந்தக் குறிப்பு. அவள் போனைக் கையில் வைத்தபடியே கேட்டாள். அந்த வெள்ளிக்கிழமை எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் கேட்டாள். தலைவலி என்று சொன்ன அன்றைக்கு என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். விசாவைப் பற்றிக் கேட்பாள், என்ன செய்யப்போகிறோம் என்று பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"அவுக பாத்துப் பாத்துப் போட்டதைக் கெடுத்து, செத்த மனுசர் தலையில கட்டிப்புட்டீகளே. அந்தம்மா அவுகளை இப்ப என்னன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாக?"

போனை என் கையில் கொடுத்தாள்.

ஆபீஸில் நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன், அது முக்கியமில்லை. மறுநாள் சி-யிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தினார், பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். என்னை அனுப்பவில்லை. படிவத்திலிருந்து அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டார். இப்போது யாரும் டிக் போடுவதில்லை, யாரும் ஓட்டிப் பார்ப்பதும் இல்லை.

முக்கியமானது அந்த ஞாயிற்றுக்கிழமை போன். இங்கே மத்தியானம் ஒரு மணி, அங்கே காலை எட்டு. மூன்றாவது மணி அடித்ததும் எடுத்தார். ஆங்கிலத்தில்தான் பேசினோம். நான் பேரைச் சொன்னதும், படம் அனுப்பினீர்களா என்று சந்தோஷமாகக் கேட்டார். பின்னால் தட்டுகள் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருந்தேன், அதை அப்படியே வாசித்தேன். உங்கள் கணவரின் கோடு காட்டுக்குள் இறங்கவில்லை. சுற்றிக்கொண்டுதான் போனது. மாற்றியவன் நான். நான் உங்களுக்குப் பொய் எழுதினேன். நீங்கள் திரும்பப் பெற்ற வரைபடத்தில் இருக்கிற கோடு என் கை. எனக்குச் சைக்கிள் ஓட்டக்கூடத் தெரியாது.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தட்டுகள் சத்தம் நின்றுவிட்டது. அந்த இடத்தில் அவர் ஏதாவது எழுதியிருந்தாரா என்று கேட்டார். சொன்னேன். ஜெர்மனில் எப்படி இருந்தது என்று கேட்டார். மொழிபெயர்க்க அன்றைக்கு எடுத்த படம் என் போனில் இருந்தது, அதை எழுத்துக் கூட்டி வாசித்தேன், என் உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். அவர் அந்த மூன்று வரியையும் தனக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"ஏழு மாதமாக நான் அவருடைய கல்லறைக்குப் போகவில்லை," என்றார். "கோபம். என் தோழி ஊன்றுகோலோடு நடப்பதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவர் மேல் கோபம். அவர் பிறந்த நாளுக்குக்கூடப் பூ வைக்கவில்லை. தெருக்கோடியில்தான் இருக்கிறது. ஐந்து நிமிடம்."

வாயில் வந்ததை உளறினேன். காலை உணவு நேரமாயிற்றே, உங்கள் விருந்தாளிகள் காத்திருப்பார்களே, நான் பிறகு கூப்பிடட்டுமா என்றேன்.

"காத்திருக்கட்டும்," என்றார். "நான் அவரிடம் போகிறேன். நீங்கள் இனிமேல் கூப்பிட வேண்டாம்."

வைத்துவிட்டார்.